அந்தப் பதிலை யார் சொன்னது?

சர்வர் மாற்றுவது பெரிய காரியமில்லை. டேட்டாவை நகர்த்தி, ஐபி முகவரி (நெட்வொர்க்கில் கணினியை அடையாளம் காட்டும் எண்) கொடுத்து ஓட விட்டுவிடலாம். அப்புறம் ஆபீஸில் இருக்கிற ஒவ்வொரு கணினியும் பழைய பெயரைக் கேட்டுப் புது இடத்துக்கு வந்து சேர வேண்டுமே, அதுதான் உயிரை வாங்கும்.

கோவையில் ஒரு மில் ஆபீஸில் கணக்கு சர்வரை மாற்றினோம். கணினியின் பெயரைக் கேட்டால் அதன் முகவரியைச் சொல்லும் டிஎன்எஸ்ஸில், பெயருக்கு எதிரே புது முகவரியைப் போட்டாயிற்று. எல்லோருக்கும் வேலை செய்தது, கேஷியர் அண்ணன் ஒருவரைத் தவிர. "தம்பி, எனக்கு மட்டும் ஓப்பன் ஆக மாட்டேங்குதுங்க" என்றார். அவர் கணினியில், பெயருக்கு என்ன முகவரி என்று கேட்கும் என்எஸ்லுக்அப் கட்டளையைப் போட்டால் புது முகவரி வந்தது. அதே பெயருக்கு, எதிர்க் கணினி பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங் போட்டால் பழைய முகவரி.

இப்படி இரண்டும் வேறு வேறு பதில் சொன்னால் எனக்குச் சந்தோஷம்தான். பாதித் தேடல் அங்கேயே முடிந்துவிடும். என்எஸ்லுக்அப் நேரே டிஎன்எஸ் சர்வரிடம் போய்க் கேட்கும். பிங்கும் பில்லிங் சாஃப்ட்வேரும் விண்டோஸிடம் கேட்கும். விண்டோஸ் முதலில் தன் கையிருப்பைப் பார்க்கும், பெயரையும் முகவரியையும் கையால் எழுதி வைக்கிற ஹோஸ்ட்ஸ் ஃபைலும் அதில் சேர்த்தி. விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32, டிரைவர்ஸ், இடிசி என்று உள்ளே உள்ளே போனால் அது கிடைக்கும். நோட்பேடை அட்மினாகத் திறந்து பார்த்தேன். ஹாஷ் குறி போட்ட விளக்க வரிகளுக்கெல்லாம் கீழே ஒரே ஒரு வரி: பழைய ஐபி, கொஞ்சம் இடைவெளி, சர்வர் பெயர். எப்போதோ சாஃப்ட்வேர் போட வந்தவர் யாரோ அவசரத்துக்கு எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அழித்து சேவ் செய்ததும் பிங் புது முகவரிக்குப் போனது.

அந்த ஃபைலைத் திட்டவும் மனசு வராது. இன்டர்நெட்டுக்கு முன்னோடியான அர்பாநெட் காலத்தில் பெயருக்கு இருந்த ஏற்பாடே அதுதான். கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில், ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில் எலிசபெத் ஃபெயின்லர் நடத்திய தகவல் மையம் எல்லாக் கணினிகளின் பெயரையும் ஒரே பட்டியலாக வைத்திருந்தது. புதுக் கணினி வந்தால் அவர்களிடம் சொல்ல வேண்டும்; மற்றவர்கள் பட்டியலை அவ்வப்போது இறக்கிக்கொள்ள வேண்டும். கணினிகள் பெருகப் பெருக இது தாங்கவில்லை. 1983ல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைத்தார். முழுப் பட்டியலை யாரும் சுமக்க வேண்டாம், அவரவர் பகுதியை அவரவர் பார்த்துக்கொள்ளட்டும், கேட்டு வாங்கிய பதிலைக் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ளட்டும் என்பது ஏற்பாடு.

அந்தக் கொஞ்ச நேரத்துக்கு டிடிஎல் என்று பெயர். விநாடியில் எழுதுவோம், 86400 என்றால் ஒரு நாள். டிஎன்எஸ் மாற்றம் 'பரவ' ஒரு நாள் ஆகும் என்பார்கள். எதுவும் எங்கும் பரவுவதில்லை, பழைய பதில்கள் காலாவதியாகின்றன, அவ்வளவுதான். அதனால் மாற்றுகிற நேரத்தில் டிடிஎல்லை 300 ஆக்கிப் பிரயோஜனமில்லை. ஏற்கெனவே வாங்கி வைத்தவர்கள் தங்கள் ஒரு நாளை முடித்துவிட்டுத்தான் மறுபடி கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமை வேலை என்றால் வெள்ளிக்கிழமையே குறைத்துவிடுகிறோம்.

'இல்லை' என்ற பதிலையும் இப்படி வைத்துக்கொள்வார்கள் என்பது பலருக்குத் தெரியாது. பெயரைச் சேர்க்கும் முன்பே யாராவது ஆர்வத்தில் பிங் போட்டுப் பார்த்தால், சேர்த்த பிறகும் அவருக்கு மட்டும் சிறிது நேரம் வராது. இப்போதெல்லாம் டிஎன்எஸ்ஸில் ஏற்றின பிறகுதான் பெயரை வாய்விட்டே சொல்கிறேன்.

டிஎன்எஸ் சர்வர் வைக்காத சின்ன ஆபீஸ்களில் கதை வேறு. அங்கே நெட்பயாஸ் முறையில், தெருவில் நின்று கூப்பிடுவது போல, 'இந்தப் பெயர் யாருடையது?' என்று கணினி எல்லோரையும் கேட்கும். பெயருக்கு 15 எழுத்துதான். 16ஆவது இடம் என்ன சேவை என்று குறிப்பதற்கு. இந்தக் கூப்பாடு ரூட்டரைத் தாண்டாது. மாடிக்குத் தனி நெட்வொர்க் போட்ட மறுநாளே 'கீழே இருக்கிற கணினி தெரியவில்லை' என்று புகார் வருவது இதனால்தான். அதைவிட மோசம், யார் வேண்டுமானாலும் 'நான்தான்' என்று பதில் சொல்லலாம், கேட்டவர் நம்பிவிடுவார். பாஸ்வேர்டு விவரங்களைப் பிடிக்க ஹேக்கர்கள் இதையே ஒரு வழியாக வைத்திருக்கிறார்கள்.

டிஎன்எஸ் இருக்கும் இடங்களில் இந்தக் கூப்பாட்டை நிறுத்திவிடுகிறோம். நிறுத்தினால் நிச்சயம் போன் வரும். பெரும்பாலும் ஏதாவது ஒரு பழைய ஸ்கேனர், இத்தனை நாளும் கூப்பிட்டுத்தான் கணினியைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்திருக்கும். கணினிக்கு, முகவரிகளைத் தானாக வழங்கும் டிஹெச்சிபியில் முகவரியை நிலையாக ஒதுக்கி, பெயரை டிஎன்எஸ்ஸில் சேர்த்து, ஸ்கேனரில் முழுப் பெயரைக் கொடுத்தால் அதுவும் வழிக்கு வரும்.