வடிகட்டிய ரத்தத்தில் மிச்சமிருப்பவை

தலசீமியா என்ற பரம்பரை ரத்தச்சோகை உள்ள குழந்தைக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கிறது. அதற்குத் தேவை சிவப்பணுக்கள் மட்டுமே. ஆனால் கொடையாளரின் வெள்ளணுக்களும் பையோடு சேர்ந்து வந்துவிடுகின்றன. அவற்றால் குளிரும் காய்ச்சலும் வரலாம். சைட்டோமெகலோ வைரஸ் அவற்றில் ஒளிந்து வரலாம். தன் அணுவா அந்நிய அணுவா என்று உடல் அடையாளம் காண உதவும் எச்எல்ஏ குறிகள் அவற்றின் மேல் உண்டு. அந்தக் குறிகளுக்கு எதிராகக் குழந்தையின் உடல் எதிர்ப்பொருள்களை உண்டாக்கிக்கொண்டால், பின்னாளில் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கே அது இடைஞ்சல். அதனால்தான் வெள்ளணு வடிகட்டி. அந்த வடிகட்டி ஒழுங்காக வேலை செய்ததா என்று பார்ப்பது, சென்னையில் ஒரு ரத்த வங்கியின் ஆய்வகத்தில் என் பொறுப்பு.

சாதாரண ரத்தத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 4,000 முதல் 11,000 வரை வெள்ளணுக்கள் இருக்கும். வடிகட்டிய பையில் மொத்தமே 50 லட்சத்துக்குக் கீழ் இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்காவின் ரத்த வங்கிகள் அமைப்பான ஏஏபிபியின் தரநிலை. ஐரோப்பிய கவுன்சில் இன்னும் கறார்: 10 லட்சத்துக்குக் கீழ். லட்சம் என்றதும் பெரிதாகத் தோன்றும். 300 மில்லிலிட்டர் பைக்கு வகுத்துப் பாருங்கள். முதல் வரம்பு மைக்ரோலிட்டருக்குப் பதினாறு, பதினேழு அணுக்கள். இரண்டாவது வரம்பு வெறும் மூன்று! வழக்கமான ரத்த அணு எண்ணும் கருவிகளை இந்த அளவில் நம்ப முடியாது. நஜோட் எனப்படும், கோடுகள் பொறித்த கண்ணாடித் தட்டில் நுண்ணோக்கி வைத்து எண்ணலாம். கண் களைத்தால் எண்ணிக்கையும் களைத்துவிடும்.

அணுக்களை லேசர் ஒளியின் குறுக்கே ஓடவிட்டு எண்ணும் கருவியான ஃப்ளோ சைட்டோமீட்டரில் நாங்கள் பயன்படுத்தும் தந்திரம் எனக்கு இன்றும் அழகாகத் தெரிகிறது. முதிர்ந்த சிவப்பணுவுக்கு உட்கரு இல்லை, தட்டணுவுக்கும் இல்லை. வெள்ளணுவுக்கு உண்டு. எனவே அணுச்சவ்வைத் துளையிட்டு, டிஎன்ஏவில் ஒட்டும் புரோப்பிடியம் அயோடைடு சாயத்தை உள்ளே விடுகிறோம். இளம் சிவப்பணுக்களில் மிச்சமிருக்கும் ஆர்என்ஏவும் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதால், அதைச் சிதைக்க ஒரு நொதியும் உடன் சேர்கிறது. பிறகு அணுக்கள் ஒவ்வொன்றாக 488 நானோமீட்டர் நீல லேசரைக் கடக்கின்றன. வெள்ளணு வந்தால் மட்டும் சிவப்பாக ஒளிர்கிறது.

புதிதாகப் பயிற்சிக்கு வந்த பெண் முதல் பையைப் பார்த்துவிட்டுப் பதறினாள்: "அக்கா, திரையில் ஒன்றுமே வரவில்லையே. குழாய் அடைத்துக்கொண்டதா?"

"நுண்மணிகள் வருகின்றனவா பாரம்மா. அவை வந்தால் மாதிரி ஓடுகிறது என்றுதான் அர்த்தம்."

எண்ணிக்கைக் குழாயில் எத்தனை ஒளிரும் நுண்மணிகள் உள்ளன என்பது முன்பே தெரியும். அவற்றில் எத்தனை பங்கு லேசரைக் கடந்தனவோ, அத்தனை பங்கு ரத்தமும் கடந்திருக்கிறது. இந்த விகிதத்தில்தான் முழுக் கணக்கும் நிற்கிறது. ஆகவே பிப்பெட் கையில் இருக்கும்போது நான் யாரோடும் பேசுவதில்லை. 100 மைக்ரோலிட்டர் என்றால் 100தான். ஒரு காற்றுக்குமிழி போதும், விடை கோணலாகிவிடும்.

நல்ல வடிகட்டியும் சில பைகளில் தோற்கும். ரத்தம் குளிராமல் வெதுவெதுப்பாக ஓடினால் வெள்ளணுக்கள் கூடுதலாக நழுவும். கொடையாளருக்கு சிவப்பணுவை அரிவாள் வடிவில் வளைக்கும் அரிவாள் அணு மரபணு ஒற்றையாக, அதாவது பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்ததாக, இருந்தால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும், அல்லது ரத்தம் வழிந்துவிடும், வெள்ளணு குறையாது. இது நமக்கு அந்நியமான விஷயம் அல்ல. இந்தியாவில் அரிவாள் அணு முதலில் பதிவானதே 1952இல், நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம். அப்படிப்பட்ட கொடையாளர் தன்னளவில் நலமாகவே இருப்பார்; சென்னை முகாம் ஒன்றில் கை நீட்டி நல்ல மனத்தோடு ரத்தம் கொடுப்பார். அவருக்கே தெரிந்திருக்காது.

பிரிட்டன் 1999இல் எல்லா ரத்தத்தையும் வடிகட்டத் தொடங்கிவிட்டது. இங்கே அது கட்டாயம் இல்லை. செலவு கருதிப் பல இடங்களில் படுக்கையருகே, ஏற்றும் நேரத்தில் வடிகட்டி மாட்டுகிறார்கள். ஒன்றும் இல்லாததற்கு அது மேல்தான். ஆனால் அதற்குள் சேமிப்பில் இருந்த நாட்களில் வெள்ளணுக்கள் காய்ச்சலைத் தூண்டக்கூடிய சைட்டோகைன் என்ற புரதங்களைக் கசியவிட்டிருக்கும். அவற்றை வடிகட்டி முழுதாகத் தடுத்துவிடாது. இன்னொன்று என்னை அதிகம் உறுத்துகிறது: படுக்கையருகே வடிகட்டிய ரத்தம் நேராகக் குழந்தைக்குள் போய்விடுகிறது. அதில் எத்தனை வெள்ளணுக்கள் இருந்தன என்று என் கருவியால் சொல்லவே முடியாது.

பிள்ளைக்கு ரத்தம் ஏற்ற மாதந்தோறும் வரும் பெற்றோர் இரண்டு கேள்விகள் கேட்கலாம். இந்தப் பை சேமிப்பதற்கு முன்பே வடிகட்டப்பட்டதா? உங்கள் வங்கியில் வடிகட்டிய பைகளில் மீதி வெள்ளணுக்களை எண்ணிப் பார்க்கிறீர்களா? தயங்காமல் கேளுங்கள். பதில் சொல்லும் கடமை எங்களுக்கு இருக்கிறது.