பாலம் ஏறினால் நின்றுவிடும் வண்டி

சம்பா நெல்லை ஏற்றிக்கொண்டு கொள்முதல் நிலையத்துக்குப் போன முதல் நடையிலேயே, கோரையாற்றுப் பாலத்து ஏற்றத்தில் எங்கள் லோடு வண்டி அணைந்தது. 40 கிலோ மூட்டை 25, சரியாக ஒரு டன். பின்னால் டவுன் பஸ் ஹாரன் அடிக்கிறது. என்ஜின் நின்றதும் பிரேக் கட்டையாகிவிட்டது. இந்த மாதிரி டீசல் வண்டியில் பிரேக்குக்குக் கைகொடுக்கும் வேக்கம் பம்பை என்ஜின்தான் சுற்றுகிறது. நின்றபின் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் மிச்சம் இருக்கும். ஓட்டிய மாமா முழு பலத்தோடு மிதித்துப் பிடிக்க, நான் குதித்துப் பின் சக்கரத்துக்குக் கல் வைத்தேன். பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆனது.

நான்கு நாள் தொல்லை இல்லாமல் ஓடியது. ஐந்தாம் நாள் நீடாமங்கலம் ரயில்வே கேட் திறந்து எல்லாரும் முண்டியடிக்கிற நேரத்தில் மறுபடி.

வண்டி வேலை எனக்குத் தொழில் இல்லை. வயல் வேலை ஓய்ந்த பொழுதில் ஸ்பேனர் பிடிக்கிற ஆசை, அவ்வளவுதான். எல்லாரும் செய்வதைத்தான் நானும் முதலில் செய்தேன்: டீசல் பில்டரை மாற்றினேன். மூன்று நாள் நன்றாக ஓடியது, பெருமையாகவும் இருந்தது. நான்காம் நாள் பாமணியாற்றுப் பாலத்தில் பெருமை போனது. விட்டு விட்டு வரும் கோளாறில் தொல்லை இதுதான். எதை மாற்றினாலும் இரண்டு நாளைக்கு அதுதான் மருந்து என்று தோன்றும்.

பட்டறை அண்ணனிடம் சொன்னேன். “டீசல் பம்பைக் கழட்டிடலாம் தம்பி” என்றார். பம்பைக் கழற்றினால் ஒரு போகத்து லாபம் போய்விடும். இரண்டு வாரம் டைம் கொடுங்கள் அண்ணே என்று வந்துவிட்டேன்.

எங்கள் வண்டி பழையது, மெக்கானிக்கல் பம்ப். கம்ப்யூட்டரை மாட்டிக் கோளாறைப் படிக்கிற வசதி கிடையாது. ஆனால் சந்தேகப்பட வேண்டிய இடமும் குறைவு. ஓடுகிற என்ஜின் இப்படி நின்று, தானாகவே சரியாகிறது என்றால் ஒன்று பம்புக்கு டீசல் வரவில்லை, இல்லையென்றால் டீசலைத் திறந்துவிடும் சோலனாய்டுக்கு 12 வோல்ட் வரவில்லை. இரண்டில் எது என்பதை வண்டி நிற்கிற அந்த நொடியில்தான் பார்க்க முடியும். அதனால் சோலனாய்டு ஒயரிலிருந்து ஒரு சின்ன பல்பைப் பிரித்து ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிவைத்தேன். கரண்ட் போனால் பல்பும் அணையும்.

“டப்புனு நின்னுடுது மாப்ள” என்று மாமா சொல்லிக்கொண்டிருந்தார். டப்பென்று நின்றால் அது கரண்ட் கோளாறு, சாவியை அணைத்த மாதிரி. பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன். டப்பென்று இல்லை. முதலில் இழுவை குறைந்தது, இரண்டு தடவை வெட்டி வெட்டி இழுத்தது, அப்புறம்தான் நின்றது. பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தது. ஓட்டுகிற ஆளுக்கு ரோட்டில்தான் கண் இருக்கும், அவரைக் குறை சொல்ல முடியாது.

சரி, டீசல்தான். உடனே இறங்கி, பில்டர் தலையில் இருக்கும், டேங்கிலிருந்து டீசலைக் கையால் இழுக்கிற ஹேண்ட் பம்பை அமுக்கினேன். உள்ளே போனது, திரும்ப எழும்பவில்லை. யாரோ கீழே பிடித்து இழுப்பதுபோல் ஒட்டிக்கொண்டது. ஐந்தாறு நிமிடம் கழித்து அமுக்கினால் சாதாரணமாக எழுகிறது! அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்காவது காற்று உறிஞ்சினால் ஹேண்ட் பம்ப் பொசபொசவென்று இருக்கும். பில்டருக்கு முன்னால் ஒரு முழம், கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற ட்யூப் போட்டும் பார்த்துவிட்டேன், ஒரு குமிழி இல்லை. ஆக, டேங்க் பக்கம்தான் ஏதோ அடைக்கிறது. ஏற்றத்தில் டீசல் அதிகம் வேண்டும், உறிஞ்சலும் கூடும், அடைப்பும் இறுகும். டெல்டாவில் மேடு என்றால் ஆற்றுப் பாலம்தானே.

டேங்க் மூடியின் காற்றுத் துளை நெல் தூசியில் அடைத்திருக்கலாம் என்று மூடியை அரைத் திருகில் விட்டு ஓட்டினேன். நின்றது. மூடி நிரபராதி.

அடுத்து டேங்கையே ஓரங்கட்டுவது. 10 லிட்டர் கேனில் டீசல் ஊற்றி, லோடு பாடியில் கட்டி, பைப்பை அதில் விட்டேன். மன்னார்குடி தாண்டுவதற்குள் கேன் காலி. பம்ப் எரித்தது போக மீதி டீசல் ரிட்டர்ன் பைப் வழியாகத் திரும்பும். அந்தப் பைப்பை பழைய டேங்கிலேயே விட்டுவைத்திருந்தேன். கேனில் இருந்ததெல்லாம் டேங்குக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. மாமா இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். மறுநாள் இரண்டு பைப்பையும் கேனில் விட்டோம், நிற்கவே இல்லை. பட்டறை அண்ணன் அதையும் ஏற்கவில்லை. “கேன் உசரத்துல இருந்தா டீசல் தானா இறங்கும் தம்பி. பம்ப் உறிஞ்ச வேண்டிய வேலையே இல்லையே?” நியாயமான கேள்வி. கேனைக் கீழே இறக்கி, சேஸில் டேங்க் மட்டத்தில் கட்டினேன். முழு லோடு, நான்கு பாலம். நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை டேங்கை இறக்கினோம். டீசலை வடித்துவிட்டு டார்ச் அடித்தால், அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மெல்லிய பாலிதீன் துண்டு. உறிஞ்சும் பைப்பின் வாயில் போய் ஒட்டும். என்ஜின் நின்றால் இழுப்பு போய், மெதுவாகக் கீழே விழும். பத்து நிமிடக் கணக்கு அதுதான். மிதக்காமல் எப்படி அடியில் கிடந்தது என்று எனக்குச் சந்தேகம். வாளித் தண்ணீரில் போட்டேன், மிதந்தது. டீசலில் போட்டேன், மூழ்கியது. தண்ணீரைவிட லேசான பாலிதீன், டீசலைவிடக் கனம். இந்த ஒரு விஷயத்துக்காகவே டேங்கைக் கழற்றியது வீண் இல்லை.

துண்டு எங்கிருந்து வந்தது என்பதை அம்மா பார்த்தவுடன் சொல்லிவிட்டார்: யூரியா மூட்டைக்குள் இருக்கும் பாலிதீன் பை. அறுவடை நேரத்தில் கேனில் டீசல் வாங்கி வயலோரத்திலேயே வண்டிக்கு ஊற்றுவோம். கேன் மூடி கசியாமல் இருக்க அந்தப் பையைக் கிழித்து மூடிக்கு அடியில் வைத்துத் திருகுவது மாமா. ஊற்றும்போது ஒரு கிழிசல் உள்ளே போயிருக்கிறது.

“சைக்கிள் ட்யூப் வெட்டி வச்சுடலாம் மாப்ள” என்றார். டீசலில் அந்த ரப்பர் உப்பிப்போகும் என்று சொல்லி, மூடி ஒழுங்காகப் பிடிக்கிற புதுக் கேனும் வலை வைத்த புனலும் வாங்கிவந்தேன். பட்டறை அண்ணனுக்கு டீ வாங்கிக் கொடுத்தாயிற்று.

மாசி முடியப் போகிறது, வண்டி ஒருமுறைகூட நிற்கவில்லை. ஸ்டியரிங் பக்கத்து பல்பைக் கழற்றப் போனேன், மாமா விடவில்லை. தினமும் காலையில் அதை எரியவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் வண்டி எடுக்கிறார்.