ஃப்ரிட்ஜுக்குள் தண்ணீர் தேங்குதா? கேஸ் போடும் முன் பின்பக்கத் தட்டைப் பாருங்கள்

ஃப்ரிட்ஜைக் குளிர வைக்கும் கேஸ் லீக் ஆகிறது என்று சொல்லி 4,200 ரூபாய்க்கு எஸ்டிமேட் எழுதி நீட்டினார்கள். கடைசியில் பார்த்தால் ஒரு பைப்பின் நுனியில் இருந்த ரப்பர் வாயில் அழுக்கு அடைத்திருந்தது. அவ்வளவுதான். எனக்கு இன்னும் ஆற்றாமை தீரவில்லை. இதே தொல்லையில் இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

எங்களுடையது டபுள் டோர், ஃப்ரீசர் மேலே இருக்கும் ஃப்ராஸ்ட் ஃப்ரீ ரகம். காய்கறி டப்பாவுக்கு அடியில் தண்ணீர் நிற்க ஆரம்பித்தது. துணி போட்டு ஒற்றி எடுத்தால் மறுநாள் காலையில் திரும்ப நிற்கும். டப்பாவை வேகமாக இழுத்தால் தண்ணீர் தளும்பித் தரையெல்லாம் ஈரம், கொத்தமல்லிக் கட்டு அழுகி நாற்றம். வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மாமியார், சாம்பார் ஆறுவதற்குள் உள்ளே வைப்பதால்தான் என்றார். மாடி வீட்டு அக்கா, கதவைச் சுற்றியிருக்கும் ரப்பர் கேஸ்கெட் போயிருக்கும் என்றார்.

அக்கா சொன்னதைச் சோதிப்பது சுலபம். ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடிவிட்டு இழுத்துப் பார்க்க வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் கேஸ்கெட் பிடிக்கவில்லை என்று அர்த்தம். எங்களுக்கு நாலு பக்கமும் இறுக்கமாகவே வந்தது. அதுவும் தவிர, கதவு வழியாகச் சென்னைப் புழுக்கம் உள்ளே போனால் உட்சுவர் முழுக்க வியர்த்திருக்கும். எங்கள் ஃப்ரிட்ஜில் சுவர் காய்ந்திருந்தது, அடியில் மட்டும் குளம்.

சரி என்று கஸ்டமர் கேருக்குப் போன் செய்தேன். வாரன்டி விஷயத்தில் ஏமாறாதீர்கள்: கதவில் ஒட்டியிருக்கும் 'பத்து வருடம்' கம்ப்ரசருக்கு மட்டும்தான். மற்றதற்கு ஒரு வருடம் தாண்டினால் வந்து எட்டிப் பார்க்கவே காசு.

வந்த பையன் முதலில் கேட்டது, "சார் இல்லீங்களா மேடம்?" ஃப்ரிட்ஜ் என்னுடையது, புகார் கொடுத்ததும் நான் என்று சொல்ல வேண்டியிருந்தது. கதவைத் திறந்தான், ஃப்ரீசருக்குள் கையை நீட்டினான், "கேஸ் லீக் மேடம்" என்று முடித்துவிட்டான். மீட்டர் எதுவும் வைத்துப் பார்க்கவில்லை, ஒரு ஸ்க்ரூவைக் கூடக் கழற்றவில்லை. "கேஸ் போனா ஃப்ரீசர்ல கூலிங் குறையணுமே தம்பி, ஐஸ்க்ரீம் கல்லு மாதிரி இருக்கே?" என்றேன். "போகப் போகத் தெரியும் மேடம்" என்றான்.

அடுத்து வந்ததுதான் முக்கியம். என் போனுக்கு வந்திருக்கும் கோட் நம்பரைக் கேட்டான். அதைச் சொன்னால் அவர்கள் கணக்கில் புகார் தீர்ந்துவிட்டதாக ஆகிவிடும். வேலையே நடக்காமல் எதற்கு என்று மறுத்துவிட்டேன். டார்கெட், இன்சென்டிவ் என்று வாசலில் நின்று கெஞ்சினான். பாவமாகத்தான் இருந்தது, ஆனாலும் கொடுக்கவில்லை. போகும்போது, "ஒரு நைட் ஃபுல்லா ஆஃப் பண்ணி வைங்க" என்றான்.

அப்படியே செய்தேன். தண்ணீர் வருவது நின்றுவிட்டது! கொஞ்ச நாள்தான், திரும்ப ஆரம்பித்துவிட்டது. யாராவது இந்த யோசனையைச் சொன்னால் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். அடைத்திருந்த ஐஸ் உருகுமே தவிர, அடைப்பு ஏன் வந்தது என்பது அப்படியே இருக்கும்.

ஃப்ராஸ்ட் ஃப்ரீ என்றால் ஐஸே கட்டாது என்று பலர் நினைக்கிறோம். கட்டும், நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில். ஃப்ரீசரின் பின்சுவருக்கு உள்ளே இருக்கும் கூலிங் காயிலில் பனி படியும். அவ்வப்போது ஒரு ஹீட்டர் தானாக ஓடி அதை உருக்கும். உருகிய தண்ணீர் காயிலுக்குக் கீழே இருக்கும் வாய்க்காலில் விழுந்து, ஒரு துளை வழியாக பைப்பில் இறங்கி, பின்னால் கம்ப்ரசர் மேல் உள்ள தட்டில் சேர்ந்து, கம்ப்ரசர் சூட்டில் ஆவியாகிவிடும். நடுவில் அடைத்துக்கொண்டால் தண்ணீர் அங்கேயே உறைந்துவிடும். அடுத்த முறை உருகுவது வழிந்து, குளிர்காற்று வரும் துவாரம் வழியாகக் கீழ் அறைக்குள் சொட்டும். ஃப்ரீசர் தரையில் கண்ணாடித் தகடு போல் ஐஸ் படர்ந்திருந்தால் பெரும்பாலும் இதுதான்.

இது தெரிந்ததும் ஃப்ரிட்ஜை இழுத்துப் பின்பக்கத் தட்டைப் பார்த்தேன். சொட்டுத் தண்ணீர் இல்லை. தூசிப் படலம், அதன் மேல் மல்லாந்து கிடந்த கரப்பான் பூச்சி. உள்ளே குளம், பின்னால் வறட்சி. இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? போட்டோ எடுத்து வைத்துக்கொண்டேன்.

கோட் கொடுக்காததால் புகார் திறந்தே இருந்தது. மறுபடி விசிட் சார்ஜ் கேட்கவில்லை. இந்தமுறை வந்தவர் கொஞ்சம் வயதானவர். போட்டோவைக் காட்டி, "அண்ணே, ஃப்ரீசர் பின்சுவர் பேனலைக் கழற்றிப் பார்த்துட்டு அப்புறம் கேஸ் பத்திப் பேசலாம்" என்றேன். மறுபேச்சு இல்லாமல் ஸ்க்ரூடிரைவரை எடுத்தார்.

பேனலுக்குப் பின்னால் வாய்க்கால் முழுக்க ஐஸ் பாளம். பெரிய சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீரை எடுத்து மெதுவாக அடித்துக் கரைத்தார். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், பிளாஸ்டிக் விரிசல் விடும். கத்தி, ஸ்க்ரூடிரைவர் வைத்துக் குத்தவே கூடாது. இப்போது வரும் ஃப்ரிட்ஜ்களில் பெரும்பாலும் ஆர்600ஏ கேஸ், அது எரியக்கூடியது. கம்ப்ரசரில் தீச்சுடர் படம் போட்ட மஞ்சள் முக்கோணம் ஒட்டியிருக்கும், பாருங்கள். காயிலில் ஓட்டை விழுந்தால் அப்புறம் நிஜமாகவே கேஸ் லீக்தான்.

ஐஸ் கரைந்து தண்ணீர் இறங்கியதும், "முடிஞ்சுது மேடம்" என்று பேனலை மாட்டப் போனார். "ஒரு டம்ளர் ஊத்திப் பார்த்துடலாமே" என்றேன். ஊற்றினால் பின்னால் துளித்துளியாகத்தான் வந்தது. அவருக்கே சந்தேகம் வந்து பைப் நுனியில் இருந்த ரப்பரைப் பிடுங்கினார். உள்ளே விரல் நுனி அளவுக்குக் கரும்பச்சையாக ஒரு கொழகொழப்பு. பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி மாட்டி, திரும்ப ஊற்றியதும் தட்டில் சளசளவென்று விழுந்தது. கேட்க அவ்வளவு சுகம்!

சில மாடல்களில் ஹீட்டர் சூடு துளை வரைக்கும் எட்டாது. அதற்குத் தடித்த செம்புக் கம்பியை ஹீட்டரில் சுற்றித் துளைக்குள் தொங்கவிடுவார்களாம். எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

4,200 ரூபாய் எஸ்டிமேட்டை அவரிடம் காட்டினேன். படித்துவிட்டு, "கேஸ் போட்டிருந்தாலும் தண்ணி தேங்கிக்கிட்டேதான் இருந்திருக்கும் மேடம்" என்று சிரித்தார். அதற்கப்புறம்தான் கோட் நம்பரைச் சொன்னேன்.

இப்போது தட்டில் தண்ணீர் சேர்வதால் வாராவாரம் கழுவுகிற வேலை வந்திருக்கிறது. டெங்கு கொசு முட்டையிட அந்தத் தட்டு வசதியான இடம். மாநகராட்சியிலிருந்து கொசுப்புழு பார்க்க வந்த அம்மா நேராக ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்து, "தண்ணி நிக்குதே, கொட்டுங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.