டி டிரைவில் பத்திரமாக இருக்கிறது

"பேக்கப் இருக்காக்கா?"

"இருக்கு தம்பி. எல்லாத்தையும் டி-ல போட்டுட்டேன்."

இந்த இரண்டு வரிதான். 17 வயதுப் பையன், வீட்டிலேயே லேப்டாப் சர்வீஸ் ஆரம்பித்து ஐந்தாவது மாதம். லேப்டாப் கொண்டுவந்த அக்காவிடம் கேட்க வேண்டியதைக் கேட்டான், பதில் வாங்கினான், வேலை எடுக்கும்போது நிரப்புகிற ஜாப் கார்டில் 'பேக்கப் எடுக்கப்பட்டது' என்ற கட்டத்தில் டிக் போட்டுக் கையெழுத்தும் வாங்கினான். அந்த ஜாப் கார்டை எழுதிக் கொடுத்தது நான். அதனால்தான் இந்த இரண்டு வரி என்னை விடமாட்டேன் என்கிறது.

'டி-ல' என்றது அவன் காதில் விழவே இல்லையா, விழுந்தும் அதைத் தனி ஹார்ட் டிஸ்க் என்று எடுத்துக்கொண்டானா? அவனே இரண்டு விதமாகவும் சொல்கிறான். 'இருக்கு' என்று கேட்டதுமே பேனா கட்டத்துக்குப் போயிருக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது. ஆம், இல்லை என்று பதில் வரும்படி ஒரு கேள்வியை எழுதி வைத்தால், 'ஆம்' வந்த பிறகு மிச்சத்தை யார் கேட்கிறார்கள்?

டி டிரைவ் தனி டிரைவ் இல்லை. லேப்டாப்புக்குள் இருக்கிற ஒரே எஸ்எஸ்டியை (சிப்பில் சேமிக்கிற டிஸ்க்) இரண்டாகப் பிரித்ததில் ஒரு பாதி, அதாவது ஒரு பார்ட்டிஷன். பாவிக்கிறவர்களுக்கு அது தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. சி-யில் விண்டோஸ், டி-யில் நம்முடையது, ஃபார்மட் அடித்தால் சி மட்டும்தான் போகும் என்று சொல்லிக் கொடுத்ததே நம் மாதிரி சர்வீஸ் ஆட்கள்தான். அந்த அக்கா அந்தப் பாடத்தை ஒழுங்காகப் படித்தவர்.

பையனும் சி-யை மட்டும் அடிக்கத்தான் உட்கார்ந்தான். விண்டோஸ் 10 போட பென் டிரைவிலிருந்து பூட் செய்து, சி-யைத் தேர்ந்தெடுத்ததும், டிஸ்கில் எம்பிஆர் பார்ட்டிஷன் டேபிள் இருக்கிறது, ஜிபிடி டிஸ்கில்தான் நிறுவ முடியும் என்று நின்றுவிட்டது. எந்தப் பார்ட்டிஷன் எங்கே என்று டிஸ்கில் குறித்து வைக்கிற பட்டியல்தான் பார்ட்டிஷன் டேபிள்; எம்பிஆர் அதன் பழைய வடிவம், ஜிபிடி புதியது. பென் டிரைவ் யுஇஎஃப்ஐ என்ற புது முறையில் பூட் ஆகியிருந்தது. பழைய விண்டோஸை யாரோ லெகஸி என்ற பழைய முறையில் போட்டிருக்கிறார்கள். அடிக்கடி வருகிற பிழைதான். இதற்கு எல்லா வீடியோவிலும் ஒரே வைத்தியம்: ஷிஃப்ட்டும் எஃப்10-ம் அழுத்தி கட்டளைத் திரையைத் திற, டிஸ்கைப் பிரிக்கிற கருவியான டிஸ்க்பார்ட், செலக்ட் டிஸ்க் 0, கிளீன், கன்வர்ட் ஜிபிடி. 'கிளீன்' என்ற அந்த ஒரு சொல் சி-யை அல்ல, முழு டிஸ்கின் பார்ட்டிஷன் டேபிளையும் துடைக்கிறது. டிஸ்க்பார்ட் 'நிச்சயமா?' என்றுகூடக் கேட்பதில்லை.

வேறு வழிகள் இருந்தன. பூட் பென் டிரைவ் தயாரிக்கிற ரூஃபஸில் அதே பென் டிரைவை எம்பிஆர் என்று மாற்றி எழுதி, மெஷினின் தொடக்க அமைப்பான பயாஸில் லெகஸி பூட்டை அனுமதித்திருந்தால் சி-யை மட்டும் ஃபார்மட் செய்து முடித்திருக்கலாம். கூடுதல் வேலை இருபது நிமிடம். டேட்டா போகாமலே எம்பிஆரை ஜிபிடி ஆக்க விண்டோஸிலேயே எம்பிஆர்2ஜிபிடி என்று ஒரு கருவி உண்டு. ஆனால் பிரைமரி பார்ட்டிஷன் மூன்றுக்கு மேல் இருந்தாலும், டி டிரைவ் லாஜிக்கல் பார்ட்டிஷனாக (இன்னொரு பார்ட்டிஷனுக்குள் அடங்கியதாக) இருந்தாலும் அது மறுத்துவிடும். அந்த மெஷினில் டி எப்படி இருந்தது என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது.

கிளீன் கொடுத்த பிறகுகூட டேட்டா அப்படியே இருந்தது. அழிந்தது விலாசம் மட்டும். அந்த நிமிடத்தில் பவரை நிறுத்தி, டிரைவைக் கழற்றி வேறொரு மெஷினில் மாட்டி டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்புக் கருவியை ஓட்டியிருந்தால், பழைய பார்ட்டிஷன் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அது பெரும்பாலும் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கும். அவன் 'நெக்ஸ்ட்' அழுத்தினான். விண்டோஸ் புதுப் பார்ட்டிஷன் போட்டு ஃபார்மட் செய்தது. சில நொடிதான். பழைய ஹார்ட் டிஸ்காக இருந்தால் அப்போதும் ஃபைல்களைத் தேடி மீட்கிற ஃபோட்டோரெக் ஓட்டிப் பாதியாவது தேற்றலாம். எஸ்எஸ்டி என்றால் ஃபார்மட்டோடு டிரிம் கட்டளையும் போகும்: இந்த இடமெல்லாம் இனி வேண்டாம் என்று டிரைவுக்கே சொல்லிவிடுவது. அதன் பிறகு படித்தால் பெரும்பாலான டிரைவ்கள் வெறும் பூஜ்ஜியம்தான் தரும். எந்த லேபுக்கு அனுப்பினாலும் நம்பிக்கை இல்லை. என்னிடம் அந்த டிரைவ் வந்தபோது டிஸ்கில் உள்ளதை அப்படியே எண்களாகக் காட்டுகிற ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து கீழே கீழே போனேன். புது விண்டோஸ் முடிந்த இடத்துக்கு அப்பால் பக்கம் பக்கமாகப் பூஜ்ஜியம்.

அந்த அக்கா டியூஷன் எடுக்கிறவர். போனது ஆறு வருட வினாத்தாள்கள், மதிப்பெண் பட்டியல்கள். அவர் சத்தம் போடவில்லை. "நீங்க சி-யத்தானே தம்பி ஃபார்மட் பண்ணுவீங்க?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாராம்.

பையன் என்னிடம் கேட்டது வேறு: "அண்ணா, கார்டுல கையெழுத்து இருக்கு. தப்பு என் மேல இல்லதானே?"

இல்லை என்று சொன்னேன். அப்படிச் சொன்னது சரிதான் என்று பல நாள் நினைக்கிறேன். தொழில் தொடங்குகிற வயதில் முதல் பெரிய தவறிலேயே ஒடிந்துபோகக் கூடாது. மைக்கேல் டெல் 1984-இல் கல்லூரி விடுதி அறையில் கம்ப்யூட்டர் வியாபாரம் தொடங்கியபோது 19 வயது; அந்தக் கதையைக் கேட்டுத்தான் இவனைப் போன்ற பிள்ளைகள் துணிகிறார்கள். ஆனால் டெல் விற்றது மெஷின். சர்வீஸுக்கு வருகிற மெஷினுக்குள் ஏற்கெனவே ஒருவருடைய ஆறு வருடம் இருக்கிறது. அதற்கு 17 வயதுக் கை பொறுப்பேற்கலாமா என்று மற்ற நாட்களில் தோன்றுகிறது. பெரும்பாலான நாடுகளில் 18 வயதுக்குக் கீழே உள்ளவர் போடும் ஒப்பந்தம் சட்டப்படி முழுசாகக் கட்டுப்படுத்தாது என்பதால் கார்டில் அவன் அப்பா பெயரையும் சேர்க்கச் சொல்லியிருந்தேன். பையனைக் காப்பாற்ற எல்லாம் யோசித்திருக்கிறேன். அந்த அக்காவைக் காப்பாற்ற ஒரு கட்டம் மட்டும்.

இப்போது கார்டை மாற்றியாகிவிட்டது. பேக்கப் இருக்கிறதா என்ற கேள்வியே இல்லை. எந்தப் பொருளில் இருக்கிறது, அது இப்போது இந்த லேப்டாப்புக்கு வெளியே இருக்கிறதா, அதிலிருந்து ஒரு ஃபைலைத் திறந்து காட்ட முடியுமா என்று மூன்று கேள்வி. மூன்றாவதற்குப் பதில் வராவிட்டால், கை வைக்கும் முன் குளோன்ஸில்லா என்ற மென்பொருளில் முழு டிரைவையும் வெளி டிஸ்குக்கு இமேஜ் (முழுப் பிரதி) எடுக்க வேண்டும். நிரம்பிய 256 ஜிபி, நொடிக்கு 100 எம்பி வேகத்தில் முக்கால் மணி நேரம். 30 நாள் வைத்திருந்து அழித்துவிட வேண்டும்.

எழுதும்போது இது தீர்வு மாதிரி இருந்தது. ஆனால் இப்போது அவன் அலமாரியில் ஊரார் போட்டோவும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் இருக்கின்றன. பாஸ்வேர்டு இல்லாமல் திறக்க முடியாதபடி என்க்ரிப்ட் செய்யச் சொல்லியிருக்கிறேன். பாஸ்வேர்டு அவனிடம்தான். முன்பு வாடிக்கையாளரின் டேட்டா போய்விடும் என்ற பயம், இப்போது போகாமல் அவனிடமே தங்கிவிடும் என்ற பயம்.

போன வாரம் அவன் நிரப்பிய கார்டு ஒன்றைப் பார்த்தேன். 'எந்தப் பொருளில்' என்ற இடத்தில் 'டி' என்று எழுதி, அடித்து, பக்கத்தில் 'இமேஜ் எடுத்தேன், 5.40' என்று நேரம் போட்டிருந்தான். வாடிக்கையாளர் கையெழுத்து அதற்கும் கீழே, எதையும் படிக்காதவர் போடுகிற மாதிரி, ஒரே இழுப்பாக இருந்தது.