எழுத்தில்லாத சீட்டுகள்

பினாங்கில் ஒரு தமிழ்க் குடும்பம் மேசையைச் சுற்றி உட்கார்ந்தால் அங்கே குறைந்தது மூன்று மொழிகளும் வந்து உட்காரும். பாட்டிக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்க வரும். அப்பா தமிழ் நன்றாகப் பேசுவார், ஆனால் அவர் வாசிப்பதெல்லாம் மலாயும் ஆங்கிலமும். தேசியப் பள்ளியில் படிக்கும் பேரனுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. தமிழ்ப்பள்ளியில் படிக்கும் அவன் அத்தை மகள் மூன்றையும் சமாளிப்பாள். பலகை விளையாட்டுகளை வடிவமைத்து நானே வெளியிடவும் செய்கிறேன். என் தொழிலின் பெரிய முடிவுகள் எல்லாம் இந்த மேசையை நினைத்து எடுத்தவைதான்.

முதல் முடிவு, சீட்டில் எழுத்து கூடாது. கையில் மறைத்துப் பிடிக்க வேண்டிய சீட்டைப் பக்கத்தில் இருப்பவரிடம் காட்டி "இதுல என்ன போட்டிருக்கு?" என்று கேட்டால் ஆட்டம் அங்கேயே போச்சு. பாட்டி ஒருமுறை கேட்பார், இரண்டாம் முறை கேட்பார், அப்புறம் "நீங்க விளையாடுங்கப்பா" என்று எழுந்துவிடுவார். அவர் எழுந்து போகாத ஆட்டம்தான் எனக்கு வேண்டும்.

இது ஒன்றும் புதிய யோசனை இல்லை. ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலி, பதினைந்து ஆடு. இரண்டு பக்கமும் சமமே இல்லை, குறிக்கோளும் வேறு வேறு. இன்றைய வடிவமைப்பாளர்கள் பல பக்கம் விதி எழுதிச் செய்வதை, நம் ஆட்கள் தரையில் கரிக்கோடு இழுத்து ஓர் எழுத்துகூட இல்லாமல் செய்துவிட்டார்கள். பல்லாங்குழியும் அப்படித்தான். மலாய்க்காரர்களின் சொங்காக் அதே குடும்பத்து ஆட்டம் என்பதால், பக்கத்து வீட்டு மலாய்ப் பாட்டியை உட்கார வைத்தால் ஒரு சுற்றிலேயே பிடித்துக்கொள்வார்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தது பினாங்கின் பிறை என்ற ஊரில் ஓர் அட்டைப்பெட்டி அச்சுத் தொழிற்சாலை வழியாக. சீட்டுக்கான தாளின் நடுவில் ஒரு கறுப்பு அடுக்கு இருக்கும், வெளிச்சத்தில் பிடித்தாலும் மறுபக்கம் தெரியாது என்பதை அங்கேதான் கற்றேன். வழக்கமான சீட்டின் அளவு 63க்கு 88 மில்லிமீட்டர், பல தொழிற்சாலைகளில் ஒரு பெரிய தாளில் 54 சீட்டு அடங்கும். ஆட்டத்துக்கு 60 சீட்டு வேண்டும் என்று மனம் சொன்னால், அந்த ஆறு சீட்டுக்காக இன்னொரு தாள் ஓட்ட வேண்டும். அதனால் 54க்குள் முடிக்கப் பார்ப்பேன். இதை ஒரு கட்டுப்பாடாக நான் நினைத்ததே இல்லை. எந்தச் சீட்டை நீக்கினாலும் ஆட்டம் கெடாதோ, அந்தச் சீட்டு முதலிலேயே தேவையில்லாதது.

நான் அதிகம் உழைத்த ஆட்டம் தைப்பூசத்தை வைத்துச் செய்தது. பூசத்துக்கு முந்தைய நாள் ரதம் நகரத்திலிருந்து முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலைக்குப் போகும். வழியெல்லாம் தெருவில் தேங்காய் மலைபோல் குவிந்திருக்கும், ரதம் வர வர உடைப்பார்கள். வெள்ளி ரதத்தோடு 2017 முதல் தங்க ரதமும் சேர்ந்துகொண்டதால் பலகையில் இரண்டு ரதங்களும் உண்டு. ஒவ்வொருவரும் ஒரு பந்தலை நடத்துவார்கள். தேங்காய் சேர்க்கச் சேர்க்கப் புள்ளி கூடும், ஆனால் ரதம் எப்போது வரும் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது.

சோதனை ஆட்டங்களில் எனக்கு நானே வைத்துக்கொண்ட விதி, வாயைத் திறப்பதில்லை. பெட்டி கோலாலம்பூரில் ஒரு கடைக்குப் போய், அங்கிருந்து ஒரு வீட்டுக்குப் போனால் விளக்கம் சொல்ல நான் அங்கே இருக்கப் போவதில்லை. விதித்தாளும் படங்களும்தான் பேச வேண்டும். யார் கை போனை நோக்கிப் போகிறது, யார் தன் முறை வருமுன்னே காயைத் தூக்குகிறார் என்று பார்த்துக் குறித்துக்கொள்வேன். அப்படி ஒரு மாலையில் பட்டர்வொர்த் பாட்டி ஒருவர் விளையாடிக்கொண்டே சொன்னார்: "ரதம் நின்னாத்தானே தேங்காய் உடைப்பாங்க, இங்க நிக்காமலே போகுதே." ரதம் ஒவ்வொரு பந்தலிலும் நின்று போகும்படி மாற்றினோம். அந்த நிறுத்தத்தில்தான் எல்லாரும் ஒரே நேரத்தில் முடிவெடுக்கிறார்கள், சத்தம் போடுகிறார்கள். இன்று அந்த ஆட்டத்தில் எல்லாருக்கும் பிடித்த இடம் அதுதான். பெட்டியில் நன்றி சொல்லும் இடத்தில் அந்தப் பாட்டியின் பெயர் இருக்கிறது.

நிறத்தை மட்டும் நம்புவதும் கூடாது. ஆண்களில் ஏறக்குறைய பன்னிரண்டில் ஒருவருக்குச் சிவப்பும் பச்சையும் குழம்பும் என்று சொல்வார்கள். அந்த அளவு ஊருக்கு ஊர் மாறும், ஆனால் எந்த ஊரிலும் இல்லாமல் போகாது. அதனால் ஒவ்வொரு நிறத்தோடும் ஒரு வடிவம் சேர்ந்தே வரும்.

பணக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆயிரம் பெட்டிக்குக் கீழே அச்சடித்தால் ஒரு பெட்டியின் செலவு ஏறிவிடும். கடைக்காரர், விநியோகிப்பவர், கப்பல் செலவு எல்லாம் போக ஏதாவது மிஞ்ச வேண்டுமென்றால் விற்பனை விலை தயாரிப்புச் செலவைப்போல் ஐந்து மடங்காவது இருக்க வேண்டும். மறுபதிப்பில் ஓர் அச்சகம் சீட்டின் பின்பக்கச் சிவப்பைக் கொஞ்சம் மாற்றிவிட்டது. பழைய சீட்டோடு புதுச் சீட்டைக் கலந்தால் எது எதுவென்று பின்பக்கத்திலிருந்தே தெரிந்துவிடும். அத்தனையும் வீணானது.

பெட்டியின் மேல் வடிவமைத்தவர், ஓவியர் இருவர் பெயரையும் போடாமல் நான் எதையும் வெளியிடுவதில்லை. நிலவுடைமையின் அநியாயத்தைக் காட்ட எலிசபெத் மேகி உருவாக்கி 1904இல் காப்புரிமை பெற்ற ஆட்டத்திலிருந்து வளர்ந்ததுதான் மொனாப்பொலி. 1935இல் அவர் கையில் 500 டாலர் கொடுத்து உரிமையை வாங்கிக்கொண்டார்கள். புகழ் பல்லாண்டு காலம் வேறொருவருக்குப் போனது. 1988இல் நியூரம்பர்க் பொம்மைக் கண்காட்சியில் ஜெர்மன் வடிவமைப்பாளர்கள் சிலர், பெட்டியில் தங்கள் பெயர் இல்லையென்றால் ஆட்டத்தைத் தர மாட்டோம் என்று பீர்க் குவளைக்கு அடியில் வைக்கும் அட்டையில் எழுதிக் கையெழுத்திட்டார்கள். அந்த அட்டைக்கு நான் கடன்பட்டவன்.

கோலாலம்பூரிலிருந்து தம்பிகள் சிலர் கூப்பிட்டு, "அண்ணா, வேலையை விட்டுட்டு இதுல இறங்கலாமா?" என்று கேட்பதுண்டு. கட்டான் என்ற புகழ்பெற்ற பலகை விளையாட்டை உருவாக்கிய கிளாவுஸ் டாய்பர் பல் தொழில்நுட்பர். 1995இல் அந்த ஆட்டம் வந்து விருதும் வாங்கிய பிறகும் சில ஆண்டுகள் அந்த வேலையை அவர் விடவில்லை. அவர்களிடம் அதைச் சொல்வேன். அப்புறம் அவர்களுடைய ஆட்டத்தின் மாதிரியைக் கொண்டுவரச் சொல்வேன்.

இப்போது செய்துகொண்டிருப்பது நேர் எதிரானது, முழுக்க முழுக்கத் தமிழ் எழுத்து ஆட்டம். அந்தப் பேரனும் ஒருநாள் பாட்டியோடு எழுத்தை வைத்து விளையாட வேண்டும் என்று எனக்கு ஆசை. 247 எழுத்துக்கும் காய் செய்ய முடியாது. மெய்க்கு மேல் உயிர்க்குறியை ஒட்டலாம் என்றால், கு, டு, து, மு ஒவ்வொன்றும் ஒரு விதமாக வளைகிறது. கொ இரண்டு பக்கமும் குறி கேட்கிறது. அதனால் உயிர் தனிக்காய், மெய் தனிக்காய். த், அ, ம், இ, ழ் என ஐந்து காய் வைத்தால் தமிழ். சிறுவர்கள் சேர்த்து வாசிக்க முதலில் திணறினார்கள், கொஞ்ச நேரத்தில் பழகிவிட்டது. ஆனால் ங் கையில் வந்தால் க் வரும்வரை அது சும்மா கிடந்தது. இன எழுத்துகளை ங்க், ஞ்ச், ண்ட், ந்த், ம்ப், ன்ற் என ஜோடியாக ஒரே காயில் அச்சிட்டுப் பார்த்தோம். ஆட்டம் உடனே வேகம் பிடித்தது. பட்டர்வொர்த்தில் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை அடுத்த விடுமுறைக்குள் ஒரு செட் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். ஐகாரத்துக்கு எத்தனை காய் வைப்பது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.