முட்டிவலியை மறைத்த மூன்று மாதம்

காஷ்மீரின் குப்வாராவில் ராணுவ ரோந்து முடிந்து இறங்கும்போது, பனிக்கு அடியில் கிடந்த கல்லில் வலது கால் வழுக்கியது. முட்டிக்குள் ‘டொக்’கென்று ஒரு சத்தம். அன்றே யூனிட்டின் மருத்துவ அறையான எம்.ஐ. ரூமுக்குப் போய், யூனிட் டாக்டரான ஆர்.எம்.ஓ.விடம் காட்டியிருக்க வேண்டும். நான் போகவில்லை. கிரேப் பாண்டேஜைச் சுற்றிக்கொண்டு, லீவில் ஊரிலிருந்து வாங்கி வந்த வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு மூன்று மாதம் ஓட்டினேன்.

காரணம் கேட்டகிரி பயம்தான், அதாவது மருத்துவத் தகுதி இறங்கிவிடுமோ என்ற பயம். பட்டாளத்தில் மனநலம், காது, கை கால், உடல்திறன், கண் என்று ஐந்துக்கும் தனித்தனி எண் போட்டுத் தகுதி பார்ப்பார்கள். ஐந்திலும் ஒன்று என்ற எண் வாங்கினால் ஷேப் ஒன், எங்கும் அனுப்பலாம். ஐந்து என்ற எண் விழுந்தால் வீட்டுக்குத்தான். ஒருமுறை தகுதி இறங்கிவிட்டால் கோர்ஸும் அடுத்த ரேங்கும் கையைவிட்டுப் போய்விடும் என்று நினைத்தேன். வீட்டுக் கடன் வேறு இருந்தது.

ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்தில் முட்டி மடங்கிக் கீழே விழுந்தேன். எங்கள் சுபேதார் சாப் நாகர்கோவில்காரர். தூக்கி உட்கார வைத்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, நீ ஒளிச்சு வச்சா கால் சரியாயிடுமா? நாளைக்கு சிக் ரிப்போர்ட் போ, டாக்டர்கிட்ட காட்டு.”

எம்.ஆர்.ஐ.யில் பார்த்தால், முட்டிக்குள் இருக்கும் ஏ.சி.எல். என்ற ஜவ்வு முழுதாக அறுந்திருந்தது. பக்கத்தில் மூட்டுக்கு மெத்தை மாதிரி இருக்கும் மெனிஸ்கஸும் கிழிந்திருந்தது. அறுந்த ஜவ்வோடு ஓடி ஓடியே இது கிழிந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னபோதுதான் எனக்குத் தொண்டை அடைத்தது. தொடையின் பின்பக்கத் தசைநாரை எடுத்துப் புது ஜவ்வு வைத்தார்கள். அப்புறம் சிக் லீவ், அதன்பின் தகுதி எண் போடும் டாக்டர்களின் மெடிக்கல் போர்டு. கை கால் தகுதியில் மூன்று, அதாவது ஏ-3, தற்காலிகம், 24 வாரம். ஓட்டம் கூடாது, சுமை கூடாது, மலை உயரத்தில் பணி கூடாது.

சிகிச்சையைவிட என்னை அலைக்கழித்தது ஒரு காகிதம். அடிபட்டால் ஐ.ஏ.எஃப்.ஒய். 2006 என்ற காய அறிக்கை எழுத வேண்டும். எங்கே, எப்படி அடிபட்டது, பணியில் இருந்தாரா என்று அதில் யூனிட் கமாண்டிங் ஆபீசர் எழுதுவார். பின்னாளில் ஊனம் பணியால் வந்ததா இல்லையா என்று போர்டு முடிவு செய்ய அதுதான் ஆதாரம், ஊன ஓய்வூதியமும் அதைப் பொறுத்தது. நான் சொல்லாமல் இருந்ததால் ரோந்தில் வழுக்கிய தேதியில் எம்.ஐ. ரூம் பதிவேட்டில் என் பெயரே இல்லை. எழுதிக் கொடுத்த மனுவும் ஓர் அலுவலகத்தில் காணாமல் போனது, திரும்ப எழுதினேன். அன்று என் பின்னால் இறங்கி வந்த ஹவில்தார் சாட்சி சொன்னார். ரோந்துப் பதிவில் எங்கள் இருவர் பெயரும் இருந்தது. அதை வைத்துத்தான் அறிக்கை கிடைத்தது. அடிபட்டவர்கள் யாராயிருந்தாலும் அன்றே சொல்லிப் பதிவு செய்துவிடுங்கள். சின்ன அடிதானே என்று விட்டுவிடாதீர்கள். டிஸ்சார்ஜ் ஸ்லிப், எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் எல்லாவற்றுக்கும் ஒரு நகல் உங்கள் பெட்டியில் இருக்கட்டும்.

பிசியோதெரபியில் முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதை அழுத்தச் சொல்வார்கள். முதல் வாரம் தொடைத் தசை அசையவே இல்லை. துண்டையே பார்த்துக்கொண்டு அழுதிருக்கிறேன். போனில் என் மனைவி, “பத்து எண்ணுங்க, நானும் எண்றேன்” என்பாள். இருவரும் சேர்ந்து எண்ணுவோம்.

இரண்டாவது போர்டில் டாக்டர் டேப் எடுத்து இரண்டு தொடையையும் அளந்தார். வலது தொடை 2 செ.மீ. மெலிந்திருந்தது. உட்கார்ந்து எழச் சொன்னார். வலி இருந்தது. இந்த முறை மறைக்கவில்லை, “இந்த இடத்தில் வலிக்குது சாப்” என்று விரல் வைத்துக் காட்டினேன். அவர் அதைக் குறித்துக்கொண்டு ஏ-2, இன்னும் 24 வாரம் என்று எழுதினார். நான் பயந்த மாதிரி வேலை போகவில்லை. இப்போது யூனிட் ஸ்டோரில் கணக்குப் பார்க்கிறேன். மாலையில் துண்டும் டேப்பும்தான். நேற்று அளந்தபோது வித்தியாசம் 1 செ.மீ.