அறுநூறு கன்று, ஒரே வாழை

போன ஆவணியில் எங்கள் ரஸ்தாளிக் கொல்லையில் முதல் இலை மஞ்சளானது. அடி இலைதானே, சத்துப் போதவில்லை போல என்று அப்பா கொஞ்சம் யூரியா வைத்தார். பத்து நாளில் மஞ்சள் மேலேறியது. அப்புறம் இலைக்காம்புகள் ஒவ்வொன்றாக ஒடிந்து, மரத்தைச் சுற்றிப் பாவாடை கட்டியதுபோல் தொங்கின. தண்டு அடியில் நெடுக வெடித்தது. ஒரு மரத்தைத் தோண்டிக் கிழங்கைக் குறுக்கே வெட்டினோம். வெள்ளையாக இருக்கவேண்டிய இடத்தில் செம்பழுப்பாகப் புள்ளியும் கீற்றும், யாரோ வெற்றிலை எச்சிலைத் துப்பிவைத்த மாதிரி.

பக்கத்து வயல் பெரியப்பா எட்டிப் பார்த்தார். "வாடல்டா. இனி இந்த மண்ணுல ரஸ்தாளி வைக்காத."

அவ்வளவுதான் சொன்னார். அவர் சொன்னது பனாமா வாடல் நோயை. அதைக் கொண்டுவரும் பூஞ்சணம் மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும். மருந்தடித்துப் போக்கிவிட முடியாது.

அறுநூறு மரத்தில் ஒன்றாவது தாங்கி நிற்காதா என்று தினமும் வரப்பில் நடந்து பார்த்தேன். அது எத்தனை அசட்டுத்தனம் என்று பிறகுதான் உறைத்தது. அந்த அறுநூறும் ஒரே கொல்லையிலிருந்து, ஈட்டி இலைக் கன்றாகப் பார்த்து அப்பா எடுத்து வந்தவை. கன்று என்றால் தாய்க்கிழங்கின் ஒரு துண்டு. கல்யாணப் பத்திரிகையில் 'வாழையடி வாழையாக' என்று போடுகிறோமே, உண்மையில் அங்கே பிள்ளை என்று யாருமில்லை. அம்மாவேதான் மறுபடி மறுபடி எழுந்து வருகிறாள். நான் அறுநூறு மரம் என்று எண்ணியது ஒரே செடி. அதற்கு எதிர்ப்புச் சக்தி இல்லையென்றால் ஒன்றுக்கும் இல்லை.

விதை போட்டிருக்கலாமே என்றால், ரஸ்தாளிக்கு ஏது விதை? அதன் செல்லில் குரோமோசோம்கள் மூன்று தொகுதி. தொகுதிக்கு 11, ஆக 33. மகரந்தமும் சூலும் ஒழுங்காக உருவாகச் சரிபாதியாகப் பிரியவேண்டும். மூன்றை எங்கே பாதியாக்குவது? பழத்தின் நடுவில் கறுப்பாகப் பொடிசாகத் தெரிபவை விதையாகாமல் நின்றுபோனவை. மேற்குத் தொடர்ச்சி மலைப் பாறை இடுக்கில் வளரும் கல்வாழை இதற்கு நேரெதிர். பக்கக்கன்றே விடாது; ஒருமுறை காய்த்து, கல் மாதிரி விதைகளை உதிர்த்துவிட்டுச் செத்துப்போகும். அதைத் தின்ன முடியாது என்பது வேறு விஷயம். பல்லுக்கு இதமான பழம் வேண்டுமென்று விதையில்லாததையே மனிதர்கள் காலங்காலமாகப் பொறுக்கி நட்டதன் விலை இது.

இந்த விலையை லத்தீன் அமெரிக்காவில் பெரிய அளவில் கொடுத்தார்கள். ஏற்றுமதிக்கென்று வளர்த்த கிராஸ் மிஷேல் என்ற வாழை ரகத்தின் தோட்டங்களை இதே வாடல் தின்றது. 1950-களிலும் 60-களிலும் அதை எடுத்துவிட்டுக் கேவண்டிஷ் என்ற இன்னொரு ரகத்தை நட்டார்கள். அதுவும் கன்றில் வருவதுதான். இப்போது டி.ஆர்.4 என்று பூஞ்சணத்தின் இன்னொரு வகை கேவண்டிஷையும் பிடித்திருக்கிறது. பிகார் வரை வந்தாயிற்று.

கன்றில் மாற்றமே வராது என்றும் சொல்ல முடியாது. செவ்வாழைப் புதரில் திடீரென்று ஒரு கன்று பச்சைத் தண்டோடு வந்து பச்சைத் தார் போடும். எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்திலேயே ஒருமுறை வந்தது. அம்மா, கடைக்காரர் கன்றை மாற்றிக் கொடுத்துவிட்டார் என்று திட்டினாள், பாவம்.

வயல் ஓரத்தில் பதினொரு பனை நிற்கிறது. யாரும் நட்டதில்லை, கொட்டை விழுந்து முளைத்தவை. பனையில் ஆண் தனி, பெண் தனி. ஆண் பனையின் மகரந்தம் வந்து சேர்ந்தால்தான் பெண் பனையில் முளைக்கக்கூடிய கொட்டை உண்டாகும். அதனால் ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. கிணற்றடிப் பனையின் நுங்கு தித்திக்கும், அதற்கடுத்தது சப்பென்றிருக்கும், மூலையில் நிற்பது சித்திரை முடிந்த பிறகுதான் நுங்கு தரும். அப்பாவுக்கு ஒவ்வொன்றின் குணமும் தெரியும். ரஸ்தாளிக் கொல்லையில் அவர் எந்த மரத்தையும் தனியாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

இப்போது அந்த இடத்தில் பூவன் வைத்திருக்கிறோம். இந்த வாடலைத் தாங்குகிற ரகம். பூவனும் கன்றுதானே என்று அப்பாவிடம் இழுத்தேன். "சரி, அப்போ விதை போட்டு, கொட்டையும் கல்லுமா வர்ற தாரைச் சந்தைக்குக் கொண்டுபோறியா?" என்றார். பதில் இல்லை.

கிணற்றடிப் பனையின் பழக்கொட்டை இருபதைப் பொறுக்கி வாய்க்கால் கரையில் புதைத்தேன். பாளை விட 12, 15 வருஷம் ஆகும். "எது ஆண், எது பொண்ணுன்னு உன் புள்ளை பார்த்துக்குவான்" என்று சொல்லிவிட்டு அப்பா மோட்டார் போடப் போனார்.